நூலில் தொங்கிய படிகம்: வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணன் அளந்தது என்ன?

ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி 28 அன்று பள்ளிக்கூடங்களில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுவார்கள். சி.வி.ராமன் படத்துக்கு மாலை போடுவார்கள். ராமன் விளைவு பற்றி ஒரு மாணவி பேசுவார். அந்தப் பேச்சில், ராமனுக்கு உதவியாக இருந்தவர் கே.எஸ்.கிருஷ்ணன் என்று ஒரு வரி வந்துபோகும். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி மனிதர் பிறந்த ஊர் வத்திராயிருப்பு. ராஜபாளையத்தில் இருந்து மதுரை போகிற ரோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் மலையடிவாரத்தில் வருகிற ஊர். சதுரகிரிக்குப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

உதவியாளர் என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது அவருடைய வாழ்க்கையில் சுமார் 5 வருஷம் மட்டும்தான். ராமனிடம் இருந்து தனியாக வந்த பிறகு 30 வருஷத்துக்கும் மேல் அவர் சொந்தமாக ஆராய்ச்சி செய்தார். ஒரு படிகம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதைத் துல்லியமாக அளக்க முடியும் என்று காட்டினார். அதற்கு அவர் வைத்திருந்தது ஒரு காந்தமும், தலைமுடியை விட மெல்லிய ஓர் இழையும்.

இன்று உலோகத்தை அணு அணுவாகப் படிகத்தின் மேல் படரவிட்டு மென்படலம் வளர்க்கிறார்கள். அந்தப் படலம் எந்தப் பக்கம் இழுக்கிறது, அதன் காந்தம் எந்தத் திசையில் நிற்கும் என்று ஆய்வகங்களில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கிருஷ்ணன் மென்படலம் வளர்த்தவர் இல்லை. அதற்குத் தேவையான உயர் வெற்றிடக் கருவிகள் அவருடைய கடைசிக் காலத்தில்தான் பரவலாக வர ஆரம்பித்தன. ஆனாலும் இந்தத் துறைக்குள் நுழைய அவரைவிட நல்ல வாசல் நம்ம பக்கத்தில் கிடையாது.

வத்திராயிருப்பில் இருந்து கல்கத்தா வரை

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. அப்போது அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அங்கே போனது, 1985ல் விருதுநகர் மாவட்டமானது. அப்பா விவசாயம் பார்த்தவர். தமிழிலும் சமஸ்கிருதத்திலும் படிப்பு உள்ளவர். அந்த இரண்டு மொழி வாசிப்பும் மகனிடம் கடைசிவரை இருந்தது.

உயர்நிலைப் படிப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். இன்று ஜி.எஸ். இந்து மேல்நிலைப் பள்ளி என்று அறியப்படுகிற பள்ளி. அந்தக் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயில் கிடையாது. விருதுநகர் - தென்காசி பாதை 1927ல்தான் வந்தது. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படிப்பு முடிந்ததும் அதே கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. அங்கே மதிய சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களை உட்கார வைத்து, இயற்பியலில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு பேச்சு வகுப்பு நடத்தினார். பக்கத்துக் கல்லூரிப் பையன்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

இன்னொரு தகவலையும் இங்கே சொல்லிவிடலாம். அதே 1898ல், ஜூலை 8ம் தேதி, ராஜபாளையத்தில் பிறந்தவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமர். அரசியல்வாதியை ஊர் நினைவில் வைத்திருக்கிறது, விஞ்ஞானியை வைத்திருக்கவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேரின் பாதையும் 1950 ஜனவரியில் ஒரு விசித்திரமான விதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

1920ல் கிருஷ்ணன் கல்கத்தா போனார். 1923ல் பௌபஜார் தெரு 210ம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனோடு சேர்ந்தார். திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்பதுதான் அங்கே வேலை. மூலக்கூறு உருண்டையாக இருந்தால் ஒரு மாதிரி சிதறும். நீளமாகவோ தட்டையாகவோ இருந்தால் வேறு மாதிரி சிதறும். அதாவது, மூலக்கூறுக்கும் ஒரு திசை உண்டு. இந்த விஷயத்தைக் கிருஷ்ணன் அங்கேதான் பிடித்துக்கொண்டார், பிறகு விடவேயில்லை.

1928 பிப்ரவரி: சுருக்கமாக

இந்தக் கதை பல இடங்களில் சொல்லப்பட்டுவிட்டது, அதனால் நீட்ட வேண்டாம். சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியாகச் சுத்தமான திரவத்தில் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் வேறு நிறம் கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். கலந்திருந்தது. அந்தப் பிப்ரவரி மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்பதற்குக் கிருஷ்ணன் எழுதிவைத்த நாட்குறிப்பு இன்றும் முக்கியமான சாட்சி. பிப்ரவரி 16 தேதியிட்டு ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து கையெழுத்திட்ட குறிப்பு, நேச்சர் இதழில் மார்ச் 31 அன்று வெளியானது. ஏறக்குறைய அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே பார்த்திருந்தார்கள்.

1930ல் நோபல் பரிசு ராமனுக்குத் தனியாக வந்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் அப்போது ஆரம்பித்து இன்னும் முடியவில்லை. என் கருத்து: கேள்வி நியாயமானது, ஆனால் அதையே பேசிப் பேசிக் கிருஷ்ணனைச் சின்னவர் ஆக்கிவிட்டோம். அவரை, கிடைக்காத ஒரு பரிசின் சொந்தக்காரராகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவர் தன் வாயால் இதற்காக ஊரறியச் சண்டை போட்டதில்லை.

அவர் செய்தது வேறு. கண்டுபிடிப்பு வெளிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, உலகமே கல்கத்தாவைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த நேரத்தில், 1928 டிசம்பரில், கல்கத்தாவை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடர் வேலைக்குப் போனார். போஸ் - ஐன்ஸ்டைன் புள்ளியியலின் சத்யேந்திரநாத் போஸ் அங்கே இயற்பியல் துறையில் இருந்தார். புகழ் கொட்டுகிற இடத்தை விட்டு, புதிதாக ஆரம்பிக்க வேண்டிய இடத்துக்குப் போகிற முடிவு அது. அவருடைய சொந்த இயற்பியல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு நூல், ஒரு காந்தம், ஒரு பாச்சை உருண்டை

சரி, டாக்காவில் என்ன செய்தார்?

காந்தம் இரும்பை இழுக்கும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் மரம், உப்பு, தண்ணீர், நம்ம வீட்டுப் பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை என்று எதை எடுத்தாலும் காந்தத்துக்கு ஏதோ ஒரு பதில் சொல்லும். இரும்பின் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாத அளவுக்கு மெல்லிய பதில். சிலது லேசாக இழுபடும், சிலது லேசாக விலகும். விலகுகிற வகைக்கு டயா காந்தப் பொருள் என்று பெயர்.

படிகமாக இருந்தால் இன்னொரு சங்கதி சேர்ந்துகொள்ளும். படிகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். நெடுக்கே ஒரு இடைவெளி, குறுக்கே வேறு இடைவெளி. அதனால் காந்தத்துக்கு அது சொல்லும் பதிலும் நெடுக்கே ஒரு மாதிரி, குறுக்கே ஒரு மாதிரி இருக்கும். ஏற்கெனவே மெல்லிய விசை. அதில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் மெல்லியது. அதை எப்படி அளப்பது?

கிருஷ்ணன் படிகத்தை இழையில் கட்டித் தொங்கவிட்டார். குவார்ட்ஸை உருக்கி இழுத்தால் வருகிற இழை அது. மிக மெல்லியது, ஆனால் முறுக்கினால் திரும்பத் தன் நிலைக்கே வந்துவிடும். இந்த இழை செய்யும் வித்தையை 1887ல் கண்டுபிடித்த சார்லஸ் பாய்ஸ் என்ற ஆங்கிலேயர், உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டி, வில்லில் வைத்து எய்திருக்கிறார். அம்பு பறந்த வழியெல்லாம் இழை. ஆய்வகத்துக்குள் வில்வித்தை!

தொங்குகிற படிகத்தைச் சுற்றிச் சீரான காந்தப்புலம். எல்லா இடத்திலும் ஒரே வலு இருப்பதால் அந்தப் புலம் படிகத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுக்காது. திருப்ப மட்டும்தான் முடியும். படிகம் தனக்கு வசதியான ஒரு திசையில் போய் நிற்கும். லேசாகத் தட்டிவிட்டால் ஊசலாடும். காந்தம் இல்லாமல் ஓர் ஊசலாட்டத்துக்கு எவ்வளவு நேரம், காந்தத்தோடு எவ்வளவு நேரம் என்று குறித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்து நமக்கு வேண்டிய கணக்கு வந்துவிடும். பி.சி.குஹா, எஸ்.பானர்ஜி ஆகியோரோடு செய்த இந்த வேலை 1933ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது.

அதே வருஷம் ராமன் பெங்களூருக்கு இந்திய அறிவியல் கழக இயக்குநராகப் போனார். கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, கழகத்தின் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். அங்கே முறையை இன்னும் எளிமையாக்கினார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

ராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம். நூலுக்கு முறுக்கு ஏற்ற ஏற்ற, அது திரும்பிச் சுழல முயலும். கிருஷ்ணன் இழையின் மேல் முனையைத் திருகியில் மாட்டி மெதுவாக முறுக்கினார். கீழே படிகம் திரும்பாது. காந்தம் பிடித்து வைத்திருக்கும். இன்னும் முறுக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். திரும்பத் திரும்பக் காந்தத்தின் பிடியும் கூடும். ஆனால் 45 டிகிரி வரைதான். அந்த இடத்தில் காந்தத்தின் பிடி உச்சம். அதற்கு மேல் போனால் பிடி தளரும். அந்த நொடியில் இழையின் முறுக்கு ஜெயிக்கும். படிகம் சட்டென்று சுழன்று ஓடும்.

அவ்வளவுதான் முறை. படிகம் எந்த நொடியில் சுழல்கிறது என்று கண்ணால் பார்த்தால் போதும். அதுவரை மேலே எத்தனை சுற்று முறுக்கினோம் என்று எண்ணிக்கொண்டால் போதும். இழையின் குணமும், காந்தப்புலத்தின் வலுவும், படிகத்தின் எடையும் தெரிந்தால், படிகத்தின் இரண்டு திசைகளுக்கும் உள்ள காந்த வித்தியாசம் நேரே வந்துவிடும். பல சுற்று முறுக்க வேண்டியிருப்பதால், எண்ணுவதில் ஒன்றிரண்டு டிகிரி பிசகினாலும் கணக்கு பெரிதாகக் கெடாது. மில்லிகிராம் கணக்கில் இருக்கும் சின்னப் படிகத்துக்கும் சரிப்படும்.

இதனால் என்ன பிரயோஜனம்? பாச்சை உருண்டைக்கே வருவோம். அது நாப்தலீன். அதன் மூலக்கூறு தட்டையானது, இரண்டு அறுகோண வளையங்கள் ஒட்டிக்கொண்ட மாதிரி. அந்தத் தட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் பாய்ந்தால் பதில் பலமாக இருக்கும். தட்டோடு இணையாகப் பாய்ந்தால் குறைவு. ஆகவே, படிகம் எந்தத் திசையில் அதிகமாக விலகுகிறது என்று அளந்துவிட்டால், உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் படுத்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். எக்ஸ்-ரே படம் எடுத்து மாதக்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இது ஒரு குறுக்குவழி. பென்சீன் வளையம் தட்டையானது என்று எக்ஸ்-ரே மூலம் நிரூபித்த கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936ல் இதைப் பற்றி எழுதினார்கள். கிருஷ்ணன் இறந்த பிறகு ராயல் சொசைட்டிக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஹோமி பாபாவோடு சேர்ந்து எழுதியவரும் இதே லான்ஸ்டேல்தான்.

1937ல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்திலும் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனிலும் கிருஷ்ணன் உரையாற்றினார். 1940ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். இந்த அழைப்பும் கௌரவமும் அவருடைய சொந்தப் படிக வேலைக்கு வந்தவை.

பென்சில் முனையில் ஒரு தளம்

கல்கத்தாவின் கடைசி வருஷங்களில் அவர் கையில் எடுத்தது கிராஃபைட். பென்சிலில் இருக்கிறதே, அதுதான். கரி அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். தாளுக்குள் பிணைப்பு பலம், தாளுக்கும் தாளுக்கும் இடையே பலவீனம். அதனால்தான் காகிதத்தில் தேய்த்தால் தாள் கழன்று ஒட்டிக்கொள்கிறது.

என்.கங்குலியோடு சேர்ந்து கிருஷ்ணன் அளந்தபோது, தாளுக்குச் செங்குத்தான திசையில் கிராஃபைட்டின் காந்த விலகல், தாளோடு இணையான திசையைவிட ஏறக்குறைய 40 மடங்கு அதிகமாக இருந்தது. தாளுக்குள் எலெக்ட்ரான்கள் சுதந்திரமாக ஓடுகின்றன, ஆனால் அந்தத் தாளை விட்டு வெளியே வருவதில்லை என்று அவர்கள் விளக்கினார்கள். அதாவது இரண்டே பரிமாணத்தில் வாழும் எலெக்ட்ரான் கூட்டம். 1941ல் வந்த கட்டுரை இது. அந்தத் தாளில் ஒன்றை மட்டும் தனியாக உரித்து எடுத்துக் கிராஃபீன் என்று 2004ல் உலகத்துக்குக் காட்டிய கெய்ம், நோவோசெலோவ் இருவருக்கும் 2010ல் நோபல் கிடைத்தது. கிருஷ்ணன் கிராஃபீனைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். ஒரே ஒரு தாளுக்குள் நடக்கும் இயற்பியலை அளந்து பேசியவர்களில் அவரும் ஒருவர், அதுவே பெரிய விஷயம்.

நோட்டு அட்டையும் உலோகப் படலமும்

இப்போது மென்படலத்துக்கு வருவோம்.

ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போட்டிருப்பீர்கள். மெல்லிய அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காகிதம் ஒட்டினால், காய்ந்ததும் அட்டை வளைந்துகொள்ளும். காகிதம் சுருங்கப் பார்க்கிறது. அட்டை விடமாட்டேன் என்கிறது. கடைசியில் இரண்டும் சேர்ந்து வளைகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்குப் பால் காய்ச்சுகிற இடத்தில் பார்த்தாலும் தெரியும். கிண்டாமல் விட்டால் மேலே ஆடை கட்டும். காயக் காய அது தன்னைத்தானே இழுத்துச் சுருக்கம் விழும். மெல்லிய படலத்துக்குள் இருக்கும் இந்த இழுப்பைத்தான் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் தகைவு என்று படித்திருப்பீர்கள்.

உலோகத்திலும் இதே கதைதான். 1909ல் ஜெரால்டு ஸ்டோனி என்ற பொறியாளர், மெல்லிய எஃகுப் பட்டையின் ஒரு பக்கம் நிக்கல் முலாம் பூசிப் பார்த்தார். பட்டை வளைந்தது. எவ்வளவு வளைந்தது என்று அளந்து, முலாமுக்குள் எவ்வளவு இழுப்பு இருக்கிறது என்று ஒரு சமன்பாடு எழுதினார். முலாம் கொஞ்சம் கனமானாலே ஏன் உரிந்து வருகிறது என்பதுதான் அவருடைய கவலை. முலாம் பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு இன்றைக்கும் அதே கவலை உண்டு. அந்தச் சமன்பாடு, சிறு சிறு திருத்தங்களோடு, இன்றும் ஆய்வகங்களில் ஓடுகிறது.

படிகத்தின் மேல் வளர்க்கும்போது விஷயம் இன்னும் சுவாரசியம். டங்ஸ்டன் படிகத்தில் அணு அடுக்கின் அலகு நீளம் சுமார் 3.16 ஆங்ஸ்ட்ரம். இரும்பில் 2.87. டங்ஸ்டன் மேல் இரும்பை அணு அணுவாகத் தூவினால், முதல் ஓரிரு அடுக்கில் இரும்பு அணுக்கள் கீழே இருக்கும் டங்ஸ்டன் போட்ட கட்டத்திலேயே போய் உட்காரும். தன் சொந்த இடைவெளியைவிட சுமார் 10 சதவீதம் இழுத்து உட்கார வைத்த மாதிரி. அது சுருங்கப் பார்க்கும், கீழே உள்ள படிகம் துளியூண்டு வளையும். கண்ணுக்குத் தெரியாது. லேசர் ஒளியை அதன் மேல் பட்டுத் திரும்ப விட்டு, தூரத்தில் ஒளிப்புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து அளக்கிறார்கள்.

படலமே இல்லாத வெறும் படிகத்தின் மேற்பரப்பிலும் ஓர் இழுப்பு உண்டு. உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் சொந்தக்காரர்கள். மேல் வரிசை அணுவுக்கு மேலே யாரும் இல்லை. அதனால் பக்கத்தில் இருப்பவர்களோடு அதன் பிடி மாறிவிடுகிறது. இதற்குப் பெயர்தான் பரப்புத் தகைவு. மேலே ஒரே ஓர் அடுக்கு வேறு உலோகம் வந்து உட்கார்ந்தாலும் இந்த இழுப்பு தலைகீழாக மாறலாம்.

காந்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரும்பை இழுத்தால் அதன் காந்தம் நிற்க விரும்பும் திசை மாறும். ஹார்டு டிஸ்க்கில் தகவலைப் பதிவதும் படிப்பதும் இந்த மாதிரி காந்த மென்படலங்களின் வேலை. காந்தம் எந்தத் திசையில் நிற்கும் என்பதுதான் அங்கே எல்லாமே. படிகத்துக்குள் அணுக்களின் ஏற்பாடு மாறினால் காந்தத்தின் திசை எப்படி மாறும் என்ற கேள்வி, டாக்காவில் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டவருடைய கேள்வியின் உறவுக்காரக் கேள்வி. மெல்லிய விசையை ஒரு திருப்பமாகவோ வளைவாகவோ மாற்றி, கண்ணால் படிக்கிற தந்திரமும் அதே குடும்பம்.

சூடான உலோகத்தின் தோல்

1942ல் கிருஷ்ணன் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராகப் போனார். அங்கே உலோகங்கள். ஏ.பி.பாட்டியாவோடு சேர்ந்து, உலோகத்தில் மின்தடை எப்படி வருகிறது என்று யோசித்தார். உலோகத்துக்குள் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓடும் எலெக்ட்ரான் அதில் பட்டுச் சிதறுகிறது. திரவத்தில் ஒளி சிதறுவதற்கு 1920களில் போட்ட கணக்கை எடுத்து, ஒளிக்குப் பதில் எலெக்ட்ரானை வைத்தால் என்ன? வைத்தார்கள். சோடியம், செம்பு போன்ற உலோகங்கள் உருகும்போது மின்தடை ஏன் ஒன்றரையில் இருந்து இரண்டு மடங்காக எகிறுகிறது என்பதற்கு அதில் ஒரு விளக்கம் கிடைத்தது. பழைய வீட்டுச் சாவி புது வீட்டுப் பூட்டைத் திறந்த மாதிரி.

1946ல் சர் பட்டம். 1947ல் டெல்லி, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். ஆய்வகத்துக்கு நேரு 1947 ஜனவரி 4 அன்று அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21 அன்று சர்தார் படேல் திறந்து வைத்தார். முன்னே சொன்ன விசித்திரம் இதுதான்: வத்திராயிருப்புக்காரர் டெல்லியில் நாட்டின் அளவைகளுக்கே பொறுப்பாளராக நின்ற அந்த நாளில், சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜபாளையம் குமாரசாமி ராஜா. ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், ஒரே வட்டாரத்துக்காரர்கள்.

நாட்டில் கிலோகிராம் என்றால் எவ்வளவு, மீட்டர் என்றால் எவ்வளவு என்று சொல்லும் வேலை இந்த ஆய்வகத்துடையது. படியும் மரக்காலும் சேரும் வீசையும் ஊருக்கு ஊர் வேறுபட்ட நாட்டில் 1958 அக்டோபரில் மெட்ரிக் அளவை நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது, அதற்கான மூல அளவுகள் இங்கேதான் இருந்தன. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. 1950களில் ஆய்வகம் செய்த சூரிய அடுப்பு பேச்சாக இருந்தது, அடுப்படிக்குள் போகவில்லை. 1948ல் அமைந்த அணுசக்தி ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் கிருஷ்ணனும் ஒருவர். மற்றவர்கள் பாபா, பட்நாகர்.

இவ்வளவு நிர்வாகத்துக்கு நடுவிலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. இந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் உலோகத்தின் மேற்பரப்புக்கே வந்து சேர்ந்தார். பழைய வால்வு ரேடியோ நினைவிருக்கிறதா? உள்ளே சிவப்பாக ஒளிரும் இழை. சூடான உலோகத்தில் இருந்து எலெக்ட்ரான்கள் ஆவி மாதிரி வெளியேறும். வெளியேற ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும், வாசலில் கட்டுகிற வரி மாதிரி. அந்த வரி மேற்பரப்பைப் பொறுத்தது. ஒரே டங்ஸ்டன் படிகம்தான், ஆனால் எந்த முகத்தில் வெட்டினோம் என்பதைப் பொறுத்து சுமார் 4.5 எலெக்ட்ரான் வோல்ட்டில் இருந்து 5.2 வரை மாறும். அணு அடுக்கு நெருக்கமாக இருக்கும் முகத்தில் அதிகம். படிகத்துக்குத் திசை உண்டு என்ற அதே பாட்டு, இங்கே தோலில் கேட்கிறது.

சிக்கல் என்னவென்றால், மேற்பரப்பில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் அளவு தப்பிவிடும். வெளியே வரும் எலெக்ட்ரானில் ஒரு பங்கு வாசலிலேயே முட்டித் திரும்பியும் விடும். எஸ்.சி.ஜெயினோடு சேர்ந்து கிருஷ்ணன் செய்த யோசனை இட்லிச் சட்டி யோசனை. மூடிய ஒரு கலத்தை உள்ளே எல்லா இடத்திலும் ஒரே சூடாக இருக்கும்படி காய்ச்சினார்கள். உள்ளே எலெக்ட்ரான் ஆவி நிரம்பும். மூடியில் சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எவ்வளவு எலெக்ட்ரான் வருகிறது என்று அளந்தால், உள்ளே ஆவி எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்துவிடும். முட்டித் திரும்பியவை உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதால் கணக்கில் இருந்து அவை தப்புவதில்லை. அதுவரை ஆளுக்கு ஒரு எண் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், கோட்பாடு சொன்ன எண்ணை ஒட்டி அளவுகள் வந்தன.

1954ல் பத்ம பூஷண். 1958ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பட்நாகர் பரிசு. விருந்துகளில் கதை சொல்வதில் கெட்டிக்காரர். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் புதுக்கதை வைத்திருப்பார் என்று நேருவே வியந்ததுண்டு. 1961 ஜூனில், இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே, 62 வயதில் காலமானார்.

டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். ஆய்வகத்தின் தபால் முகவரியே அதுதான். அலகாபாத் பக்கத்தில் ஜூன்சியில், பூமியின் காந்தப்புலத்தை ஆராய்வதற்கு ஒரு கூடம் இருக்கிறது. அதற்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.